கண்ணாடிக்கு விட்ட நூல்

கண்ணாடி தானாக உடையும் என்பது எனக்கு ஒன்பது வயதிலேயே தெரியும். தெரிந்திருந்தும், போன செவ்வாய்க்கிழமை அது நினைவுக்கு வரவில்லை.

அன்று காலை எங்கள் அடுக்குமாடி வீட்டின் குளியலறையில், ஷவருக்கு மறைப்பாக நிற்கும் கண்ணாடிக் கதவு வெடித்தது. உடைந்தது என்று சொல்ல மாட்டேன், வெடித்தது. உள்ளே என் மகள் பல் துலக்கிக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது தரை முழுவதும் கற்கண்டு கொட்டியது போல் கிடந்தது. நடுவில் அவள் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுக்காமல் நின்றாள். பாதத்தில் இரண்டு கீறல், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சத்தம் என்னை விட்டு இன்னும் போகவில்லை. இதை எழுதும்போதும் சமையலறையில் ஒரு தட்டு விழுந்தால் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். அன்று அவளுக்கும் எனக்கும் நடந்த பேச்சை எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. அதனால் முதலில் பழைய கண்ணாடியைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நாங்கள் திருவொற்றியூர் விம்கோ நகரில், தண்டவாளத்துக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடி போர்ஷனில் குடியிருந்தோம். கிழக்கே கொஞ்சம் நடந்தால் கடல். அந்தக் காற்றில் இரும்பு எதுவும் உருப்படாது. புதுச் சைக்கிளின் மணி ஒரே வருடத்தில் ஊமையாகிவிடும். எங்கள் வீட்டு ஜன்னல் இரும்புச் சட்டம். இரண்டு கதவு, கதவுக்கு இரண்டு கண்ணாடி. கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருந்தது, சாக்குக்கட்டிப் பொடியில் எண்ணெய் விட்டுப் பிசைந்த மக்கு. கணக்கு வராதபோது அப்பா என்னைத் திட்டும் சொல்லும் அதுதான் என்பதால், ஜன்னலில் இருந்த மக்கின் மேல் எனக்கு ஒரு சொந்தம் இருந்தது.

அப்பா ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். இறுக்குவது அவர் தொழில், குணமும் அதுதான். அவர் மூடிய ஊறுகாய் பாட்டிலை அவர் ஷிப்டு முடிந்து வந்துதான் திறக்க வேண்டும். குழாயை அவர் மூடினால் அம்மா முந்தானையைச் சுற்றிக்கொண்டு இரண்டு கையாலும் திருகுவாள். எந்தப் பொருளிலும் ஆட்டம் இருக்கக் கூடாது என்பார். நாங்களும் அவர் முன்னால் ஆடுவதில்லை.

எதிர்வீட்டில் ஒரு அத்தை இருந்தாள். உறவு இல்லை, கூப்பிடுவது அப்படி. கணவர் இறந்துவிட்டார். காசிமேட்டில் மீன் வாங்கி வந்து மொட்டை மாடியில் உலர்த்திக் கருவாடு விற்றாள். காக்கைகளை விரட்ட அவளிடம் ஒரு உண்டிவில் இருந்தது. அதனால் நான் அவளைக் காக்கா அத்தை என்றேன். உண்டிவில்லில் அவள் கல் வைக்க மாட்டாள். களிமண்ணைப் புளியங்கொட்டை அளவுக்கு உருட்டி, காயவைத்து அதைத்தான் வைப்பாள். "காக்கா ஓடணும், சாவக் கூடாது. அதுக்கும் வயிறு கீது" என்பாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உருண்டை உருட்டுவது என் வேலை. கூலியாக ஒரு சுட்ட நெத்திலி, சில நாள் அவள் சாப்பாட்டிலேயே பாதி.

கண்ணாடி உடைந்த அன்று பள்ளிக்கூடம் அரை நாள். அம்மா தம்பிக்குத் தடுப்பூசி போடத் தூக்கிக்கொண்டு போயிருந்தாள். தம்பிக்கு நான்கு மாதம். அவனுடைய தூளி ஜன்னலை ஒட்டித் தொங்கும், காற்று வரட்டும் என்று. நான் தரையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். காற்று பலமாக இருந்ததால் ஜன்னல் சாத்தியிருந்தது.

சொடக்கு எடுத்தது போல் ஒரு சத்தம் கேட்டது. நிமிர்ந்தேன். வலப்பக்கம் மேலே இருந்த கண்ணாடியில், மூலையிலிருந்து ஒரு கோடு கிளம்பி, அவசரமே இல்லாமல் குறுக்கே ஊர்ந்து போயிற்று. யாரும் தொடவில்லை. எதுவும் படவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கீழே ஒரு முக்கோணத் துண்டு மெதுவாகச் சரிந்து, சட்டத்தைத் தாண்டி, தூளிக்குள் விழுந்தது. சத்தமே வரவில்லை. தூளித் துணி மட்டும் ஒரு முறை ஆடியது.

நான் எழுந்து போய் எட்டிப் பார்க்கவில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அந்த வீட்டில் ஏதோ இருக்கிறது, அது கண்ணாடிக்குள்ளே வந்துவிட்டது என்று தோன்றியது. அதைவிடப் பெரிய பயம் அப்பா வருகிற நேரம்.

முதல் ஷிப்டு முடிந்து மூன்றரைக்கு வந்தார். ஜன்னலைப் பார்த்தார். தூளிக்குள் கைவிட்டு அந்தத் துண்டை எடுத்தார். அவர் உள்ளங்கை நீளம் இருந்தது. கை நடுங்கியது.

"இன்னா பண்ண?"

"ஒண்ணும் பண்ணல."

"ஒண்ணும் பண்ணாம கண்ணாடி எப்பிடிடி ஒடையும்?"

அதுவாக உடைந்தது என்று சொல்லலாம். உண்மை அதுதான். ஆனால் அது எனக்கே பொய் மாதிரிக் கேட்டது. அவர் ஜன்னல் வழியாக எதிர் மாடியைப் பார்த்தார். அங்கே வலைக்கு அடியில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது.

"கல்லு வந்துச்சா?"

தலையை ஆட்டினேன்.

"அவளா?"

மறுபடியும் ஆட்டினேன். நான் பொய் சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினேன் என்று அப்புறம் பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்பா கல்லைத் தேட ஆரம்பித்தார். கட்டிலுக்கு அடியில், தையல் மிஷினுக்குப் பின்னால், அரிசி டிரம்முக்கு இடுக்கில். கிடைக்கவில்லை. கிடைக்காமல் போனால் அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். அவர் கை கால் கழுவப் போன நேரத்தில் கீழே இறங்கி ஓடினேன். தண்டவாளம்வரை ஓடி, ஒரு ஜல்லிக் கல்லை எடுத்துப் பாவாடையில் முடிந்துகொண்டு வந்து, பீரோவுக்கு அடியில் போட்டேன். அத்தை வைப்பது களிமண் உருண்டை என்பது எனக்குத் தெரியாதா? நானே உருட்டியவை. ஆனால் மண் உருண்டையால் கண்ணாடி உடையும் என்று அப்பா நம்புவாரா என்பது எனக்குச் சந்தேகமாக இருந்தது. வலுவான சாட்சியாக இருக்கட்டும் என்று பெரிய கல்லாகவே எடுத்திருந்தேன்.

மறுபடி தேடியபோது அப்பாவுக்கு அது கிடைத்தது. எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

"இன்னாமே, காக்காவ அடிக்கிறியா, என் கொயந்தய அடிக்கிறியா? தூளிக்குள்ள வுயுந்துகீது கண்ணாடி."

அத்தை வாசலில் அலுமினியக் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். தூளி என்றதும் கையை நிறுத்தினாள். "ஐயோ. கொயந்த?"

"உள்ள இல்ல. இருந்திருந்தா?" கல்லை அவள் மூக்குக்கு நேரே நீட்டினார்.

அவள் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "இந்தக் கல்லா? நைனா, என் உண்டிவில்லுல இது எங்க..." என்று ஆரம்பித்தாள். அப்போது அவள் பார்வை என் மேல் விழுந்தது. என் மணிக்கட்டில் அப்பாவின் பிடி இறுகியிருந்தது.

"நீ பாத்தியா கண்ணு?"

மூன்றாவது முறையாகத் தலையை ஆட்டினேன்.

அவள் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் கல்லை அப்பாவிடம் திருப்பிக் கொடுத்தாள். "சரி நைனா. தெரியாம பட்டிருக்கும். இனிமே உண்டிவில்ல தொடல." அவ்வளவுதான். ஊரையே வாயால் விரட்டக்கூடியவள், அதற்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. என் தலையசைப்புக்கு அவ்வளவு பலமா என்று நான் வியந்தேன். பயமாகவும் இருந்தது.

அப்பா அதோடு விடாமல் வீட்டுக்காரரிடம் போய் முறையிட்டார். இரண்டு வீடுகளும் ஒரே வீட்டுக்காரருடையவை. அவருக்கு ஏற்கெனவே கருவாட்டு வாசனை பிடிக்காது. காரணம் கிடைத்துவிட்டது. அடுத்த மாசக் கடைசிக்குள் காலி செய் என்று அத்தையிடம் சொல்லிவிட்டார். இதை அம்மா சமையலறையில் சொல்லி, "பாவம், எங்க போவா" என்றாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடியை அப்பாவே போட்டார். அம்மாவின் தம்பி, என் மாமா, ராயபுரத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தார். அவரைக் கூப்பிடலாமே என்றாள் அம்மா. பாய்லருக்கே வேலை செய்கிறவனுக்கு ஜன்னல் ஒரு வேலையா என்றார் அப்பா. ஸ்டீல் ஸ்கேலை வைத்துச் சட்டத்தை அளந்து, மயிரிழை பிசகாமல் வெட்டி வாங்கி வந்து, கட்டை விரலால் அழுத்தி உள்ளே ஏற்றினார். அழகாகப் பொருந்தியது. தட்டிப் பார்த்து, "இப்ப ஆடுதா பாரு" என்றார். ஆடவில்லை.

நான் அந்த ஜன்னல் பக்கம் போவதை நிறுத்தினேன். தூளியில் தம்பி தூங்கினால் என் கண் அந்தக் கண்ணாடியில்தான் இருக்கும். அவனை வேண்டுமென்றே கிள்ளி அழவைப்பேன். அழுதால் அம்மா தூக்கிக்கொள்வாள் அல்லவா. அண்ணன் தம்பிப் பொறாமை போல் அக்காவுக்கும் பொறாமை என்று அம்மா பக்கத்துப் போர்ஷனில் சொல்லிச் சிரித்தாள்.

எதிர் மாடியில் காக்கைகள் சுதந்திரமாக இறங்கின. அத்தை ஒரு துடைப்பத்தை வைத்துக்கொண்டு வெயிலில் நின்றாள். என்னைக் கூப்பிடவில்லை. நான் போகவும் இல்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, அதே சொடக்கு. அதே மூலை, அதே மாதிரி ஒரு கோடு. ஆனால் இந்த முறை அம்மா பக்கத்திலேயே மிஷினில் தைத்துக்கொண்டிருந்தாள். அவளும் பார்த்தாள். தம்பியை வாரி எடுத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள். நான் முன்பு நின்ற அதே இடம்.

மாலையில் அப்பா, "மறுபடியும் அவதான்" என்றார்.

"அவ காத்தாலயே காசிமேடு போய்ட்டா. கதவு பூட்டிக்கீது" என்றாள் அம்மா. அப்பாவிடம் கேட்காமலே ஆள் அனுப்பி மாமாவை வரச் சொன்னாள்.

மாமா ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஜன்னல் முன்னால் நின்று, விரல் நகத்தை அந்தக் கோட்டின் மேல் வைத்து மெல்ல இழுத்துக்கொண்டே மூலைவரை போனார். அந்த நகம் மூலையை நெருங்க நெருங்க நான் கட்டில் பக்கமாக நகர்ந்தேன். கண்ணாடி அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது.

"கல்லு எங்க மாமா?" என்றார் அப்பாவிடம். அப்பா அதை ஷோகேஸின் மேல் பத்திரமாக வைத்திருந்தார். மாமா வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "இது வந்திருந்தா கண்ணாடி மட்டுமா போயிருக்கும்? எதுத்தாப்புல மாட்டிக்கிற கேலண்டரும் போயிருக்கும்."

"கல்லு இல்லன்னு எப்பிடிச் சொல்ற?"

"கல்லு பட்டா பட்ட எடத்துல இருந்து நாலா பக்கமும் நட்சத்திரம் மாரி தெறிக்கும். இது ஓரத்துல பொறந்து வந்துகீது." ஸ்க்ரூ டிரைவரால் மூலையில் இருந்த மக்கைக் கிளறினார். உள்ளே இரும்பு, ஏடு ஏடாக உப்பிப்போய் மிளகாய்த்தூள் நிறத்தில் உதிர்ந்தது. "பாரு, துரு ஏறி சட்டம் வீங்கிகினு கீது. கண்ணாடி எங்க போவும்?"

"மொதல் தடவ என் பொண்ணு கண்ணால பாத்தா."

நான் அதற்குள் கட்டிலுக்கு அடியில் இருந்தேன். அங்கிருந்து எனக்குத் தெரிந்தது நான்கு கால்கள் மட்டும். மாமாவின் கால்கள் என் பக்கம் திரும்பின.

"கொயந்த சத்தம் கேட்டிருப்பா. பயந்துட்டா. சத்தம் வந்தா கல்லுன்னுதான தோணும்" என்றார். "வுடு மாமா. பழசு துருவுல போச்சு. புதுசு நீ போட்டதுல போச்சு. ஒரு நூல் விட்டிருந்தா இவ்ளோ பேஜாரே இல்ல."

"வால்வே நான் இறுக்கறேன், எனக்கு நீ சொல்லித் தரியா?"

"வால்வ இறுக்கு, யாரு வேணாண்ணா. கண்ணாடிய இறுக்காத."

அம்மா கொண்டுவந்த டீயை மாமா பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார். அப்பா அன்றும் ஜன்னலைத் தொடவில்லை, மறுநாளும் தொடவில்லை. விரிசலின் மேல் அம்மா காலண்டர் அட்டையை வைத்துக் கட்டினாள். அத்தை வீட்டில் சாமான்கள் மூட்டையாகிக்கொண்டிருந்தன. மாசக் கடைசிக்கு நான்கு நாள் இருந்தது.

எனக்குப் புரிந்தது ஒன்றே ஒன்று. நூல் விட்டால் கண்ணாடி உடையாது.

ஒரு நூல் என்றால் அரைக்கால் அங்குலம், தச்சரும் கொத்தனாரும் ஃபிட்டரும் சொல்கிற அளவு என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. கண்ணாடியின் ஓரத்துக்கும் இரும்புக்கும் நடுவே அந்த அளவு இடம் விட வேண்டும் என்றுதான் மாமா சொன்னார். நான் அம்மாவின் தையல் டப்பாவைத் திறந்து, வெள்ளை நூல்கண்டை எடுத்தேன். மீதி மூன்று கண்ணாடிகளையும் காப்பாற்றியாக வேண்டும். அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம் ஸ்டூலைப் போட்டு ஏறி, பழைய மக்கில் இருந்த வெடிப்புகளுக்குள் ஊக்கு முனையால் நூலைத் திணித்தேன். நான்கு பக்கமும். ஒரு இடம்கூட விடாமல். ஒவ்வொரு கண்ணாடியையும் தொடும்போது இப்போது சொடக்கும், இப்போது சொடக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். மூன்றாவது கண்ணாடி முடியும்போது ஊக்கு குத்தி விரலில் ரத்தம் வந்திருந்தது. அது எனக்கு உறைக்கவே இல்லை.

மறுநாள் நான் பள்ளியிலிருந்து வந்தபோது அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு ஜன்னல் முன்னால் நின்றிருந்தார். உடைந்த கண்ணாடியை எடுத்துவிட்டு, துருவைச் சுரண்டி, சிவப்பு பெயின்ட் அடித்திருந்தார். புதுக் கண்ணாடி சுவரில் சாய்த்திருந்தது. இந்த முறை சட்டத்தைவிடச் சின்னது. தூக்கி வைக்கும்போது இரும்பில் இடிக்காமல் இருக்க, தீக்குச்சிகளை உடைத்துக் கையில் வைத்திருந்தார். மாமா சொன்னதைத்தான் செய்தார், மாமாவுக்குத் தெரியாமல்.

அவருடைய இன்னொரு கையில் வெள்ளை நூல் தொங்கியது. மற்றக் கண்ணாடிகளையும் சோதிக்கலாம் என்று மக்கைச் சுரண்டியிருக்கிறார். நூல் வந்திருக்கிறது. இழுக்க இழுக்க வந்திருக்கிறது.

"இது இன்னா?"

"நூல் விட்டா ஒடையாதுன்னு மாமா சொன்னாரு."

அவர் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது. பாதியில் நின்றுவிட்டது. நூலைப் பார்த்தார். அதில் அங்கங்கே காய்ந்த ரத்தம் இருந்தது. என் விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் ஷோகேஸின் மேல் இருந்த கல்லைப் பார்த்தார்.

"அந்தக் கல்லு?"

"தண்டவாளத்துல எடுத்தேன்."

கன்னத்தை எந்தப் பக்கம் காட்டுவது என்று தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். பொத்தானைத் தப்பும் தவறுமாகப் போட்டுக்கொண்டு படி இறங்கிப் போனார். கண்ணாடி இல்லாத ஜன்னல் வழியாக எதிர்வீட்டு வாசல் பேச்சு நன்றாகக் கேட்டது. அப்பா என்ன சொன்னார் என்பது மட்டும் கேட்கவில்லை. அவர் அவ்வளவு சின்னக் குரலில் பேசி நான் அறிந்ததில்லை. அத்தையின் குரல் கேட்டது.

"எனக்கு அன்னிக்கே தெரியும் நைனா. அந்தக் கல்லு உண்டிவில்லுல நிக்குமா? நா வாயத் தொறந்திருந்தா நீ கொயந்தயத் தோல உரிச்சிருப்ப. வுடு, போ."

அப்பா வீட்டுக்காரரிடமும் போய்ச் சொன்னார். அவர் கேட்கவில்லை. கண்ணாடி இல்லாவிட்டாலும் வாசனை இருக்கிறதே என்றாராம். வேறு ஆளுக்கும் வாக்குக் கொடுத்துவிட்டார். மாசக் கடைசியில் அத்தை எண்ணூர் பக்கம் போனாள். மீன்பாடி வண்டியில் சாமான்களை ஏற்றிக் கயிறு கட்டியது அப்பாதான். முடிச்சை இறுக்க இறுக்க அத்தை, "போதும் நைனா, நாளைக்கு நான் அவுக்கத் தேவல?" என்றாள். போகும்போது என்னைப் பார்த்து, "இனிமே காக்காவ எல்லாம் நீ பாத்துக்கடி" என்று சொல்லிவிட்டு வண்டிக்குப் பின்னால் நடந்தாள். உண்டிவில் கூடையின் மேல் தெரிந்தது. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றும் யாரும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் அந்த வீட்டில் ஒரு கண்ணாடியும் உடையவில்லை. என் நூல்தான் காரணம் என்று வெகுநாள் நம்பினேன். அப்பா அதை இழுத்துப் போட்டதை நான் பார்த்திருந்தும்.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

"என்னடி பண்ணே?" என்று கேட்டேன். "ஒண்ணும் பண்ணலம்மா, அதுவா உடைஞ்சது" என்றாள். அதுவா எப்படி உடையும் என்றேன். கதவை அறைந்து சாத்தினாயா, எதையாவது எறிந்தாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். மறுபடி கேட்டேன். இல்லை என்றாள். மூன்று முறை உண்மையைச் சொன்னாள். நான் காதுகொடுக்காமல் கேட்டுக்கொண்டே இருந்தேன். நான்காவது முறை, காலில் ரத்தத்தோடு அந்தக் கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே நின்றுகொண்டு, "நான்தாம்மா" என்றாள்.

மறுநாள் கண்ணாடிக்காரர் வந்து கீலைக் கழற்றிப் பார்த்தார். இரும்புக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருக்க வேண்டிய ரப்பர் தேய்ந்து போயிருந்தது. ஓரத்தில் இரும்பு இடித்துக்கொண்டே இருந்தால் இந்த வகைக் கண்ணாடி ஒருநாள் மொத்தமாக வெடிக்கும், யாரும் தொட வேண்டியதில்லை என்றார். மகளிடம் போய்ச் சொன்னேன். "நான்தான் சொன்னேனேம்மா" என்றாள். நான்காவதாகச் சொன்னதை ஏன் சொன்னாய் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

அன்று தூளியிலிருந்து அந்தத் துண்டை எடுத்தபோது அப்பாவின் கை நடுங்கியது. கோபத்தில் நடுங்குகிறது என்றே நினைத்தேன். எப்போது ஓங்கும் என்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டுதான் தலையை ஆட்டினேன். தூளியில் தம்பி இருந்திருந்தால் என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார் என்பது, அது பயத்தில் நடுங்குகிற கை என்பது, ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை நான் என் மகளின் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.